1896: ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கப்பலும்

கேள்வி இதுதான்: “1896 என்றாலே முதல் நவீன ஒலிம்பிக் என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அந்த ஆண்டில் உலகத்தில் வேறு என்ன நடந்தது? எதை முக்கியமானது என்று சொல்வீர்கள்?”

தேர்வுக்காகக் கேட்டிருந்தால் ஒலிம்பிக் என்ற ஒரு வரியே போதும். ஆனால் எது முக்கியம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த ஆண்டின் முதல் செய்தி எது என்று என்னைக் கேட்டால், மார்ச் 1ஆம் தேதி வட எத்தியோப்பியாவில் அட்வா என்ற ஊரை ஒட்டிய மலைகளில் நடந்த போரைத்தான் சொல்வேன். நம் பாடப்புத்தகங்களில் அதற்கு அரை வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அந்தப் போரின் வேர் ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. 1889-இல் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கும் இத்தாலியும் ஊச்சாலே என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அது அம்ஹாரிக் மொழியிலும் இத்தாலிய மொழியிலும் எழுதப்பட்டது. பிற நாடுகளோடு பேச வேண்டியிருந்தால் எத்தியோப்பியா இத்தாலியின் உதவியைப் ‘பெறலாம்’ என்றது அம்ஹாரிக் பிரதியின் 17ஆவது பிரிவு. இத்தாலியப் பிரதியிலோ, இத்தாலி வழியாகத்தான் பேச வேண்டும் என்ற பொருள் வந்தது. அந்த ஒரு சொல்லை வைத்து, எத்தியோப்பியா எங்கள் பாதுகாப்பில் இருக்கும் நாடு என்று இத்தாலி ஐரோப்பா முழுக்க அறிவித்துவிட்டது. தான் முடிசூடிய செய்தியை ஐரோப்பிய அரசுகளுக்கு மெனெலிக் நேரடியாகக் கடிதம் எழுதி அறிவித்தபோது, ‘இதையெல்லாம் இத்தாலி மூலமாக அனுப்புங்கள்’ என்ற தொனியில் பதில் வந்தது. அப்போதுதான் தன் நாட்டைத் தாளிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. 1893-இல் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

இத்தாலி படையோடு வந்தது. மெனெலிக் 1895-இல் நாடு முழுக்க அழைப்பு விடுத்தார். அதுவரை ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டிருந்த பல பகுதித் தலைவர்கள் ஆட்களோடு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் சுமார் 1 லட்சம் பேர். வெறும் ஈட்டியும் கேடயமும் ஏந்திய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த நவீனத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் அவர்களிடம் இருந்தன. நட்பு நாளில் இத்தாலியே கொடுத்தவையும் அவற்றில் உண்டு. பேரரசி டைட்டுவும் தன் படையோடு வந்தார். மெக்கெலே கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருக்கும் இத்தாலியருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தச் சொன்னது அவர்தான். அதன் பிறகே கோட்டை விழுந்தது.

இத்தாலியத் தளபதி பராத்தியேரிக்குக் கீழே, இத்தாலியின் காலனியாக இருந்த பக்கத்து எரித்திரியாவின் சிப்பாய்களையும் சேர்த்து சுமார் 17,700 பேர், 56 பீரங்கிகள். அவர் அவசரப்படாமல் காத்திருந்தார், அதில் நியாயமும் இருந்தது. அவ்வளவு பெரிய எத்தியோப்பியப் படைக்குச் சோறு போட அந்தச் சீமையால் முடியவில்லை. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் மெனெலிக்கின் படை பசியில் தானாகவே கலைந்திருக்கும். ஆனால் ரோமிலிருந்து பிரதமர் கிறிஸ்பி தந்தி அடித்தார். இதைப் போர் என்று சொல்ல முடியாது, இது ராணுவத்துக்குப் பிடித்த எலும்புருக்கி நோய் என்று அதில் ஏளனம் செய்திருந்தார். பராத்தியேரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. 1896 லீப் ஆண்டு. பிப்ரவரி 29ஆம் தேதி இரவில் படையை நகர்த்தினார்.

மூன்று பிரிவுகள் மூன்று வழியாக இருட்டில் மலையேறி, விடிவதற்குள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்பது திட்டம். கையில் இருந்ததோ பிழையான ஒரு வரைபடம். கிதானே மெரெட் என்ற குன்றைப் பிடிக்கப் போன அல்பெர்த்தோனேயின் பிரிவு, வரைபடம் அந்தப் பெயரைப் போட்டிருந்த இடத்தில் நிற்காமல், ஊர்க்காரர்கள் அந்தப் பெயரால் அழைத்த உண்மையான குன்றுவரை போய்விட்டது. மற்றவர்களிடமிருந்து பல கிலோமீட்டர் முன்னால், எத்தியோப்பிய முகாமின் வாசலிலேயே தனியாக மாட்டிக்கொண்டது. விடிந்ததும் ஒவ்வொரு பிரிவாக விழுந்தன. மதியம் தாண்டுவதற்குள் 6,000 பேருக்கு மேல் இத்தாலியத் தரப்பில் இறந்திருந்தார்கள். இரண்டு தளபதிகள் மாண்டார்கள், அல்பெர்த்தோனே பிடிபட்டார், பீரங்கிகள் எல்லாம் போயின.

இந்த வெற்றியின் கறையையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலிக்காகப் போரிட்டுப் பிடிபட்ட எரித்திரியச் சிப்பாய்கள் சுமார் 800 பேரின் வலது கையையும் இடது காலையும் துரோகத்துக்குத் தண்டனை என்று வெட்டினார்கள். பிடிபட்ட இத்தாலியர்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. அட்வாவைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது என்று நினைக்கிறேன்.

ரோமில் கலவரம் வெடித்தது, கிறிஸ்பி பதவி விலகினார். அக்டோபர் 26ஆம் தேதி அடிஸ் அபாபாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், எத்தியோப்பியா முழுச் சுதந்திர நாடு என்று இத்தாலி ஒப்புக்கொண்டது. அந்த அக்டோபர் 26ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதே தேதி சென்னையிலும் வரப்போகிறது. ஆப்பிரிக்காவை ஐரோப்பியர் கோடு போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆப்பிரிக்க நாடு போரில் வென்று தன் எல்லையைக் காத்துக்கொண்டது. இதைவிடப் பெரிய செய்தி அந்த ஆண்டில் இல்லை.

அட்வாவின் அதிர்வு சில நாளிலேயே வடக்கே போனது. இத்தாலிக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கவும், அப்படியே நைல் ஆற்றங்கரையில் தன் கையை நீட்டவும், பிரிட்டன் மார்ச் மாதமே சூடானுக்குள் கிச்சனரின் படையை அனுப்ப முடிவெடுத்தது. செங்கடல் ஓரத்துச் சுவாக்கின் துறைமுகத்தைக் காக்க இந்தியாவிலிருந்து சிப்பாய்களைக் கொண்டுபோனார்கள். அவர்களுடைய வழக்கமான சம்பளச் செலவை இந்தியக் கருவூலத்தின் தலையிலேயே கட்டினார்கள். இந்தியாவில் பஞ்சம் தலைகாட்டிய ஆண்டு அது.

இப்போது அதே மார்ச் 1க்குத் திரும்பி வாருங்கள், ஆனால் பாரிசுக்கு. ஜெர்மனியில் ராண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்ச் செய்தி ஜனவரி முதல் வாரத்தில்தான் பத்திரிகைகளில் வந்திருந்தது. மோதிரம் அணிந்த ஒரு கையின் எலும்புகள் தெரியும் படம் உலகையே கிறுகிறுக்க வைத்திருந்தது. வெயில் பட்டு ஒளிரும் பொருள்களிலிருந்தும் இப்படிக் கதிர் வருமா என்று பார்க்க ஹென்றி பெக்கரல் கிளம்பினார். கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகட்டின் மேல் யுரேனிய உப்பை வைத்து வெயிலில் காட்டினால் தகட்டில் நிழல் விழுந்தது. சரி, வெயில்தான் காரணம் என்று நினைத்தார். பிப்ரவரி 26, 27 தேதிகளில் பாரிசில் வெயில் விட்டுவிட்டுத்தான் தலைகாட்டியது. தயார் செய்த தகடுகளை, உப்பும் இடையில் வைத்த செப்புச் சிலுவையும் மேலே இருந்தபடியே மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். அடுத்த நாள்களிலும் மேகம் விலகவில்லை. மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தகடுகளைக் கழுவிப் பார்த்தார். மங்கலாக ஏதாவது தெரியலாம் என்று எதிர்பார்த்தவருக்குச் சிலுவையின் வடிவம் அழுத்தமாகவே கிடைத்தது. இருட்டில், வெயில் படாமலேயே, அந்த உப்பு தானாகக் கதிர் வீசிக்கொண்டிருந்திருக்கிறது. கதிரியக்கத்தின் கதை அந்த இழுப்பறையில் தொடங்கியது. வெயில் இல்லாத தகட்டை வீண் என்று தூக்கி எறியாமல் கழுவிப் பார்த்தாரே, அந்த ஒரு செயலுக்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

அறிவியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் சுவீடன் நாட்டு அறிவியலாளர் அர்ரீனியஸ், காற்றில் இருக்கும் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமியின் வெப்பம் 5 முதல் 6 டிகிரி வரை ஏறும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார். கணினி கிடையாது, எல்லாம் கையால் போட்ட கணக்கு. புவி வெப்பமாதல் நேற்று முளைத்த பேச்சு என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

ஒலிம்பிக்கை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஏதென்ஸில் ஏப்ரல் 6 முதல் 15 வரை நடந்தது. வென்றவருக்குத் தங்கம் கிடையாது, வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும்தான். மாரத்தானில் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த ஸ்பிரிடோன் லூயிஸ் 2 மணி 58 நிமிடம் 50 வினாடியில் ஓடி முடித்து முதலில் அரங்கத்துக்குள் வந்தார். கிரேக்க இளவரசர்கள் இருவர் அவரோடு கூடவே ஓடி வந்தார்கள். பெண்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டமாட்டா ரெவித்தி என்ற ஏழைத் தாய் மறுநாள் அதே பாதையில் தனியாக ஓடினார், அவரை அரங்கத்துக்குள் விடவில்லை. பட்டியலில் அவர் பெயர் ஏறவேயில்லை.

மே மாதம் மாஸ்கோவில் இரண்டாம் நிக்கோலாஸ் முடிசூடினார். கோதிங்கா மைதானத்தில் மக்களுக்கு இலவசமாக ஒரு குவளை, ரொட்டி, இனிப்பு, தொத்திறைச்சி எல்லாம் ஒரு துணியில் முடிந்து கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். முந்தின இரவே லட்சக்கணக்கில் கூடிவிட்டார்கள். ராணுவப் பயிற்சிக்காக வெட்டிய பள்ளங்களும் அகழிகளும் நிறைந்த மைதானம் அது. பரிசு தீர்ந்துபோகும் என்று பேச்சுக் கிளம்பியதும் கூட்டம் முண்டியது. அரசுக் கணக்கின்படியே 1,389 பேர் நசுங்கி இறந்தார்கள். அன்றிரவு பிரெஞ்சுத் தூதர் வைத்த நடன விருந்துக்குப் புது மன்னர் போனார். ரஷ்ய மக்கள் அந்த நடனத்தை மறக்கவில்லை.

அதே மாதம் 18ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி, வெள்ளையருக்குத் தனிப் பெட்டி என்பது சட்டப்படி சரியே என்றது. எதிர்த்தவர் ஹார்லன் என்ற ஒரே நீதிபதி. அந்தத் தீர்ப்பின் அடித்தளம் உடைய 1954 வரை ஆனது. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கிழடாகிப் போகும் காலம்.

ஜூன் 15 மாலை ஜப்பானின் சன்ரிகு கடற்கரை. பழைய நாட்காட்டிப்படி அன்று ஆண்பிள்ளைகளின் பண்டிகை, சீனப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் ஊரில் இருந்தார்கள். நிலம் லேசாகத்தான் ஆடியது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரத்தில் அலை வந்தது. சில இடங்களில் 38 மீட்டர் உயரம் வரை ஏறியது. சுமார் 22,000 பேர் போனார்கள். ஆழ்கடலில் வலை வீசிக்கொண்டிருந்த மீனவர்களின் படகுகளுக்கு அடியில் அந்த அலை தெரியாமலே கடந்துபோயிருந்தது. மறுநாள் காலை கரைக்குத் திரும்பும்போதுதான் தண்ணீரில் உடல்களையும் வீட்டுச் சாமான்களையும் பார்த்தார்கள். 2004 டிசம்பரைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011-இல் ஜப்பானைத் தாக்கிய சுனாமியும் இதே கரையில்தான் ஏறியது.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் ஆகஸ்ட் 27ஆம் தேதி நடந்ததைப் பலரும் வேடிக்கைச் செய்தியாகவே சொல்கிறார்கள்: உலகின் மிகக் குறுகிய போர், சுமார் 40 நிமிடம். பிரிட்டனுக்குப் பிடிக்காத ஒருவர் சுல்தானாக அமர்ந்துவிட்டார், காலை 9 மணிக்குள் இறங்கு என்று கெடு வைத்தார்கள், அவர் இறங்கவில்லை, கப்பல்கள் அரண்மனையைச் சுட்டன. அரண்மனைப் பக்கம் சுமார் 500 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் காயம் ஒருவருக்கு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அப்புறம் கனடாவின் குளோண்டைக்கில் தங்கம் கிடைத்தது, மார்க்கோனி லண்டனில் கம்பியில்லாத் தந்திக்குக் காப்புரிமை கேட்டார், டிசம்பரில் ஆல்பிரட் நோபல் இத்தாலியில் காலமானார். இவற்றைப் பற்றி எங்கும் படிக்கலாம். நான் பம்பாய்க்கு வருகிறேன்.

ஜூலை 7ஆம் தேதி பம்பாயின் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் ஆட்கள் அசையும் படம் காட்டினார்கள். டிக்கெட் ஒரு ரூபாய். இந்தியாவில் சினிமா பிறந்த நாள் அது. இரண்டரை மாதம் போகவில்லை, செப்டம்பரில் அதே நகரத்தின் மாண்ட்வி பகுதியில், தானியக் கிடங்குகள் நெருக்கியடித்த தெருக்களில், கடும் காய்ச்சலோடு அரையில் நெறி கட்டி ஆட்கள் சாகத் தொடங்கினார்கள். கோவாவைச் சேர்ந்த மருத்துவர் அகாசியோ வியேகாஸ் இது பிளேக் என்று சொன்னார். துறைமுக நகரத்துக்கு அந்தச் சொல் எவ்வளவு ஆபத்து என்று வணிகர்களுக்குத் தெரியும், ஆனால் மறைக்க முடியவில்லை. லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஊரைவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவசரமாகக் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-இல் கொரோனாவுக்கும் எடுத்துப் பயன்படுத்தினோம்.

அந்த நேரத்தில் காந்தி இந்தியாவில் இருந்தார். வயது 26. ஜூனில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து கிளம்பி வந்தவர், ஆகஸ்டில் ராஜ்கோட்டில் பச்சை அட்டை போட்ட ஒரு சிறு நூலை வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் படும் பாடு அதில் இருந்தது. பிளேக் பயம் பரவியதும் ராஜ்கோட்டில் வீடு வீடாகப் போய்க் கழிப்பறைகளைப் பார்வையிட்டார். பணக்கார வீடுகளில்தான் நாற்றம் தாங்கவில்லை, ஒடுக்கப்பட்டவர்கள் வாழ்ந்த தெருவில் வீடுகள் சாணம் மெழுகித் துப்புரவாக இருந்தன என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 26, சென்னை பச்சையப்பன் மண்டபம். அடிஸ் அபாபாவில் ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள். காந்தி அங்கே பேசினார், பாலசுந்தரத்தின் கதையைச் சொன்னார். பாலசுந்தரம் நேட்டாலுக்குப் போன தமிழ் ஒப்பந்தக் கூலி. 1894-இல் டர்பனில், கிழிந்த உடையோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம் வழிய, முதலாளி அடித்தான் என்று அழுதுகொண்டே காந்தியிடம் வந்தவர். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், வெள்ளைக்காரர் முன் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. பாலசுந்தரம் தயங்கித்தான் கட்டினார், ஆனால் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. அந்தக் கதை சென்னைக் கூட்டத்தை உலுக்கியது. பச்சை நூல் பரபரவென்று விற்றது, திருத்திய பதிப்பாக 10,000 படிகளைச் சென்னையிலேயே அச்சிட்டார்.

இதற்குள் தந்தி தன் வேலையைக் காட்டியிருந்தது. அந்த நூலின் சாரத்தை ராய்ட்டர் செய்தி நிறுவனம் லண்டனுக்கு அனுப்பியது, அங்கிருந்து அது இன்னும் சுருங்கி மூன்று வரியாக நேட்டாலுக்குப் போனது. இந்தியர்கள் நேட்டாலில் கொள்ளையடிக்கப்படுகிறார்கள், அடிக்கப்படுகிறார்கள், மிருகங்களைப் போல் நடத்தப்படுகிறார்கள் என்று நூல் சொல்வதாக அந்த வரிகள் இருந்தன. நூலை யாரும் படிக்கவில்லை, தந்தியை எல்லோரும் படித்தார்கள். டர்பன் வெள்ளையர்கள் கொதித்தார்கள். பிப்ரவரியில் ரோமிலிருந்து போன தந்தி பராத்தியேரியைச் சீண்டியதையும் இதையும் சேர்த்துத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

நவம்பர் 30ஆம் தேதி காந்தி மனைவியோடும் குழந்தைகளோடும் பம்பாயில் கூர்லண்ட் கப்பல் ஏறினார். கூடவே நாதேரி என்று இன்னொரு கப்பலும் வந்தது. இரண்டிலுமாகச் சுமார் 800 பயணிகள். டிசம்பர் 18 வாக்கில் டர்பன் வந்து சேர்ந்தன. யாரையும் இறங்க விடவில்லை. பம்பாயில் பிளேக் என்பது காரணம். கரையில் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று. கப்பலைத் திருப்பிக் கொண்டுபோனால் பணம் தருகிறோம், இல்லையென்றால் கடலில் தள்ளுவோம் என்று மிரட்டல் வந்தபடி இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று கப்பல் தலைவர் விருந்து வைத்தார். அவர்கள் சொன்னபடியே உங்களைத் தாக்கினால் என்ன செய்வீர்கள் என்று காந்தியைக் கேட்டார். அவர்களை மன்னிக்கும் துணிவைக் கடவுள் எனக்குத் தருவார் என்று நம்புகிறேன் என்றார் காந்தி.

டிசம்பர் 30 காலை, ஸ்பெயின் ஆண்டுவந்த பிலிப்பைன்ஸின் மணிலாவில், 35 வயதுக் கண் மருத்துவரும் எழுத்தாளருமான ஹோசே ரிசாலை ஸ்பானிய அரசு சுட்டுக் கொன்றது. துப்பாக்கிகளுக்கு முகம் காட்டி நிற்க வேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவருடைய கடைசிக் கவிதை, சிறையில் இருந்த ஒரு சின்னச் சாராய அடுப்புக்குள் ஒளித்துவைத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் 31. டர்பனுக்கு வெளியே கூர்லண்டும் நாதேரியும், நோய்த் தடுப்புக்காக ஒதுக்கி நிறுத்தப்பட்டதைக் காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி நங்கூரம் போட்டு நின்றன. கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அவர்கள் அதில் கால் வைக்க இன்னும் 13 நாள் இருந்தது.